பன்னிரண்டு மிதி

சிலம்பாறை இறக்கத்தில் லாரி டீக்கடைக்குள் புகுந்த பதினோராவது நிமிடம் காரணம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. முதலில் வந்த போலீஸ்காரர் தன் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் காரணன் தன் தீர்ப்பை எழுதி, சம்பந்தப்பட்ட அத்தனை பேருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டு, வேறெங்கோ நடந்த அடுத்த விபத்தைப் பார்க்கப் போய்விட்டது.

காரணன் ஆளல்ல, அரசாங்கத்தின் எந்திரம். நாட்டில் ஓடுகிற ஒவ்வொரு லாரியின் அச்சு, பிரேக், டயர், ஸ்டியரிங் எல்லாவற்றிலும் அதற்கு ஒரு காது உண்டு. விபத்து என்று ஒன்று நடந்தால் போதும், கடைசி ஐந்து நிமிடத்தில் தான் என்ன செய்தேன் என்று ஒவ்வோர் உறுப்பும் அதனிடம் ஒப்பித்துவிடும். அது கூட்டிக் கழித்து ஒரே வரியில் காரணம் சொல்லும். முன்பெல்லாம் லாரி கவிழ்ந்தால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பிரேக் போயிருக்கும், டயர் வெடிச்சிருக்கும், டிரைவர் தூங்கியிருப்பான் என்று ஆளுக்கொன்று பேசுவார்கள். அந்தப் பேச்செல்லாம் ஒழிந்து பத்து வருடம் ஆகிறது. காரணன் சொன்னால் சொன்னதுதான். கோர்ட்டும் அதற்குமேல் யாரையும் கேட்பதில்லை.

சங்ககிரியில் தன் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த துளசிமணிக்கும் அந்த ஒரு வரி வந்தது. கிரீஸ் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படித்தாள். ‘காரணம்: ஓட்டுநர் போதிய அளவு பிரேக்கை மிதிக்கவில்லை. இயந்திரக் கோளாறு இல்லை.’ அதற்குக் கீழே ஓட்டுநர் பெயர், செங்கோட்டுவேல். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

ஆள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. காரணன் அதையெல்லாம் எழுதாது. ஐந்தாறு பேருக்குப் போன் போட்டு அலைந்த பிறகுதான் தெரிந்தது. தம்பிக்கு வலது தோள் எலும்பு முறிந்திருக்கிறது, மற்றபடி பயமில்லை. டீக்கடைக்கார முத்தையனுக்கு இடுப்பில் அடி, பிழைத்துவிடுவார், ஆனால் நடக்க ஒரு வருடம் ஆகலாம். துளசிமணி ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, வந்த வரியை மறுபடி படித்தாள். ஓர் எழுத்து மாறாமல் அதே வரிதான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் மாதேஸ்வரன் அதே இறக்கத்தில் செத்தபோது வந்ததும் இதுதான்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாதேஸ்வரனின் லாரிக்கு முந்தின நாள் பிரேக் பார்த்து அனுப்பியது துளசிமணி. சங்ககிரி வட்டாரத்தில் அவள் கை பட்ட பிரேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்பார்கள். அப்படியிருக்க லாரி நிற்கவில்லை. குற்றம் பிரேக்கிலா, ஆளிலா என்ற கேள்வி வந்தபோது காரணன் ஆள் என்றது. அவளும் மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள். தூங்கியிருப்பான், பராக்குப் பார்த்திருப்பான், தன்னையும் இப்படி நட்டாற்றில் விட்டுப் போய்விட்டான் என்று அவளுக்கு அவன்மேல் ஆத்திரம். மூன்றாம் மாதம் அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்தபோதும் அந்த ஆத்திரம்தான் முதலில் வந்தது. தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் அழுதுவிட்டான்.

“மிதிச்சேன்க்கா. பெடல் தரையில முட்டற அளவுக்கு மிதிச்சேன். வண்டி கேட்கவே மாட்டேன்னுருச்சு.”

“எல்லாரும் அப்படித்தான்டா சொல்லுவாங்க” என்றாள் துளசிமணி.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அவன் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் விசாரணை. காரணன் சொன்னதை மறுக்க ஆதாரம் இல்லையென்றால் லைசென்ஸ் ஆயுசுக்கும் ரத்து, மூன்று வருடம் ஜெயில். பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வேறு ஒரு தொழிலும் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. துளசிமணி வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தன் மிதிக்காமல் விட்டிருக்கலாம். செத்துப்போன ஒருத்தனும் உயிரோடு இருக்கிற ஒருத்தனும் ஒரே இடத்தில் ஒரே மாதிரியா மிதிக்காமல் விடுவார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு வந்தது.

மூன்றாம் நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய் நசுங்கிய லாரியைப் பார்த்தாள். முகப்புதான் போயிருந்தது, பிரேக் அப்படியே இருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து ஷூக்காலால் மிதித்தாள். எட்டுச் சக்கரமும் கல்லைப் போலப் பிடித்தது. முப்பது தடவை மிதித்தாள், முப்பது தடவையும் பிடித்தது. சீட்டுக்குப் பின்னால் தம்பியின் ஷூ ஜோடியாக இருந்ததைப் பார்த்தாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். கண் முன்னால் கிடந்தது கண்ணில் படவில்லை, வேறென்ன சொல்ல.

இந்த இடத்தில், இப்போதைய லாரிகளில் எல்லாம் இருக்கிற பழகு பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வந்து பத்து வருடம் ஆகிறது. கம்பெனி வைத்த பெயர் வேறு, டிரைவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. பழைய பிரேக் மாதிரி காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நேரான தொடர்பு இதில் கிடையாது. பெடலில் கால் எப்படி வைக்கப்படுகிறது, பாரம் குதிகாலிலா விரலிலா, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அது டிரைவரின் காலைப் பழகிக்கொள்ளும். மெத்தென்று மிதிக்கிறவனுக்கு ஒரு மாதிரியும், ஓங்கி மிதிக்கிறவனுக்கு ஒரு மாதிரியும் பிடிக்கும். அது வந்த பிறகு நாடு முழுக்க லாரி விபத்து பாதியாகக் குறைந்தது என்பது உண்மை. துளசிமணிக்கே அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஐந்தாம் நாள், அதே மாதிரி வண்டி ஒன்றை வெறும் வண்டியாக எடுத்துக்கொண்டு சிலம்பாறைக்குப் போனாள். கனரக வாகன லைசென்ஸ் அவளுக்கும் இருந்தது. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அன்று நடந்ததை ஒவ்வொரு வளைவாகக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது அவள் திட்டம்.

கணவாய் உச்சியில் முனியப்பன் கோயில். இறங்கப்போகிற எந்த லாரியும் அங்கே நிற்காமல் போகாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். துளசிமணியும் ஷூவைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டாள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினாள். நிமிர்ந்தால் தம்பி அவள் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“ஷூ போட்டுக்கிட்டா இறக்கப்போற?”

“பின்னே?”

“நெத்தியில முனியப்பன் திருநீறு இருக்குது. ஷூக்காலோட பெடலை மிதிப்பாங்களாக்கா? அடிவாரம் வரைக்கும் வெறுங்கால்தான். யாருமே போட மாட்டாங்க.”

துளசிமணி கட்டிய கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்றைக்கும் வெறுங்காலா என்று கேட்டாள். ஆமாம் என்றான். விசாரணைக்காரர்கள் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றாள். அதற்கு அவன் சொன்ன பதிலைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஷூ போடாமல் ஓட்டினால் குற்றம், கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிடும். அதனால் முனியப்பன் கோயில் விஷயத்தை எந்த டிரைவரும் வெளியே மூச்சுவிட மாட்டான், பட்டறைக்காரர்களிடம்கூட. கேபின் கேமரா முகத்தைத்தான் பார்க்கும், காலைப் பார்க்காது. அடிவாரத்தில் இறங்கி மறுபடி மாட்டிக்கொள்வார்கள். விபத்து நடந்தாலும் அதைச் சொல்வதில்லை. இருக்கிற கேஸ் போதாதா, இதையும் சேர்த்துக்கொள்ளணுமா என்று நினைப்பார்கள்.

“அட கூறுகெட்டவனே” என்றாள் துளசிமணி. “சின்னத் தப்ப மறைக்கப் போயி, செய்யாத பெரிய தப்புக்கு ஜெயிலுக்குப் போறேங்கற.”

ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. ஆறு வருடத்தில் முதல்தடவையாக அவள் மனசு லேசாகத் துள்ளியது. ஷூவைக் கழற்றினாள். சாவியைத் திருகி, கோயில் வாசல் சமதளத்திலேயே வண்டியை நடக்கிற வேகத்தில் விட்டு, வெறுங்காலால் மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் ஒரு முழம் தள்ளி நின்றது. மறுபடி மிதித்தாள். எண்ணிக்கொண்டே மிதித்தாள். பதின்மூன்றாவது மிதியில் பிரேக் கல்லைப் போலப் பிடித்தது. சாவியை அணைத்துப் போட்டு மறுபடி மிதித்தால் திரும்பவும் பழைய கதை, பன்னிரண்டு மிதிக்கு மந்தம். அன்று வண்டியைக் கீழே இறக்கவே இல்லை. வந்த வழியே திருப்பிக்கொண்டு நேராக விசாரணை அலுவலகத்துக்குப் போனாள்.

விசாரணை அதிகாரி அப்துல் ரவூஃப் மெலிந்த மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். காரணன் தப்புச் சொல்லி அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் காது கொடுத்துக் கேட்டார். பிரேக் கம்பெனியின் பொறியாளர் யாழினியையும் வரவழைத்தார். முப்பது வயதுகூட இருக்காத பெண். துளசிமணி பன்னிரண்டு மிதி என்றதும் அவள் முகம் மாறியது.

“அது கோளாறு இல்லைங்கம்மா, நாங்களே வெச்சதுதான்” என்றாள். “பெடல்ல ஒரு பாட்டில் உருண்டு விழலாம், யாராவது தெரியாம காலை வைக்கலாம். சட்டுனு முழு பிரேக் பிடிச்சா பின்னால வர்ற வண்டி மோதிடும். அதனால தெரியாத கால்னா முதல் பன்னிரண்டு மிதிக்கு அஞ்சுல ஒரு பங்குதான் பிடிக்கும். அதுக்குள்ள அந்தக் காலை அது பழகிடும்.”

“ஒரே ஆளோட கால் எப்படித் தெரியாத காலாகும்?” என்று கேட்டார் ரவூஃப்.

“ஷூக்கால்னா யாரோடதானாலும் கம்பெனியிலயே அதுக்குப் பழக்கித்தான் அனுப்பறோம் சார். ஷூ இல்லாம வெச்சா அழுத்தம் விழற இடமே வேற. அதுக்கு அது புது ஆள்தான். ஷூ கட்டாயம்னு சட்டம் இருக்கறதால வெறுங்கால் வராதுன்னு விட்டுட்டோம். வெறுங்காலை வெச்சு நாங்க ஒருநாள்கூடச் சோதிக்கலை.” கடைசி வாக்கியத்தை அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ரவூஃப் யோசித்தார். அப்படியென்றால் கோயிலில் நின்று இறங்குகிற அத்தனை வண்டியும் கவிழ வேண்டாமா என்றார். நியாயமான கேள்வி. துளசிமணி அதற்கு வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவசரக்காரன் முதல் கிலோமீட்டரிலேயே பிரேக்கை இருபது தடவை மிதித்துவிடுவான், அவன் காலை அது பழகிவிடும், அவன் பிழைத்துக்கொள்வான். பொறுப்பானவன் சின்ன கியரில் போட்டு இன்ஜின் பிடியிலேயே வண்டியை இறக்குவான், பிரேக்கைத் தொடவே மாட்டான். மூன்றாவது வளைவில் ஒரு மாடோ பஸ்ஸோ குறுக்கே வரும். அவன் மிதிக்கிற முதல் மிதி அதுவாகத்தான் இருக்கும். “நல்லா ஓட்டறவனாப் பாத்துத்தான் சார் அது கவுத்திருக்குது” என்றாள்.

ரவூஃப் பேனாவை மூடி வைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெடல் எவ்வளவு மிதிக்கப்பட்டது என்ற எண் காரணனிடம் இருக்கிறது, அது நூற்றுக்குப் பதினெட்டு என்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார்.

“அந்த எண்ணை யாரு குடுத்தாங்க?”

“பிரேக்தான்.”

“குத்தம் செஞ்சவனையே சாட்சி கேட்டிருக்கீங்க சார்” என்றாள் துளசிமணி. “நூறு மிதிச்சா அது பதினெட்டுத்தான் எடுத்துக்கும், பதினெட்டுன்னுதான் எழுதும். நான் வேற சாட்சி காட்டறேன். நீங்க ரெண்டு பேரும் என்கூட வண்டியில ஏறணும்.”

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குச் சிலம்பாறையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். செங்கோட்டுவேல் அன்று ஏற்றிய அதே பாரம், இருபது டன் சிமெண்ட் மூட்டை. நடுவில் யாழினி, ஓரத்தில் ரவூஃப். ரவூஃப் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். கோயில் வாசலில் முப்பது நாற்பது டிரைவர்கள் கூடியிருந்தார்கள். ரகசியம் வெளியே வந்துவிட்டதில் அவர்களுக்குப் பாதிப் பயம், பாதி நிம்மதி.

துளசிமணி கடையில் வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் பெடலுக்கு அடியில், அதற்கும் தரைக்கும் நடுவே நாரால் கட்டினாள். பெடல் முழுசாக இறங்கினால் பழம் நசுங்கும், பாதி இறங்கினால் நசுங்காது, இதில் ஏமாற்ற ஒன்றுமில்லை என்று இரண்டு பேரையும் குனிந்து பார்க்கச் சொன்னாள். முதலில் ஷூக்காலோடு கொஞ்ச தூரம் இறக்கி ஓங்கி மிதித்தாள். பழம் நசுங்கியது, பிரேக் எழுதுகிற எண்ணைக் காட்டும் திரையில் தொண்ணூற்றாறு, லாரி அந்த இடத்திலேயே நின்றது. சாவியை அணைத்தாள். ஷூவைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்தாள். நசுங்கியதை எடுத்துவிட்டுப் புதுப் பழம் கட்டினாள்.

“மூணாவது வளைவுல மணல் மேடு இருக்குது” என்றாள். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று நெடுஞ்சாலைக்காரர்கள் போட்டு வைத்தது அது. “பயப்படாதீங்க. நேரா அதுலதான் கொண்டுபோய் விடப்போறேன்.”

இதே சரிவில்தான் அவள் புருஷன் போனான். மூன்றாம் கியரில் லாரி உறுமிக்கொண்டு இறங்கியது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மணல் மேடு கண்ணில் பட்டதும் துளசிமணி வெறுங்காலை எடுத்துப் பெடலில் வைத்துத் தன் முழு பலத்தோடு அழுத்தினாள். கட்டைவிரல் மடங்கி வலித்தது. பழம் பொட்டென்று உடைந்து கேபின் முழுக்க எலுமிச்சை வாசனை அடித்தது. லாரி சின்னதாக ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு, இருபது டன்னோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தது.

“மிதிச்சிருக்கறேன் சார்” என்றாள் துளசிமணி. “இப்பவும் மிதிச்சுக்கிட்டேதான் இருக்கறேன். திரையைப் பாருங்க.”

திரையில் பதினெட்டு. ரவூஃப் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். யாழினி கண்ணை மூடிக்கொண்டாள். துளசிமணி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். லாரி மணலுக்குள் பாய்ந்து, அச்சு வரைக்கும் புதைந்து, முனகிக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுக்க மணல். அப்புறம் ரவூஃப் குனிந்து, உடைந்த எலுமிச்சம்பழத்தை நாரோடு அவிழ்த்து எடுத்து, தன் கைக்குட்டையில் பத்திரமாகக் கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேலே கோயில் வாசலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் இறக்கத்தில் ஓடி வந்தார்கள். அத்தனை பேரும் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள், அதைப் பார்த்து ரவூஃபுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செங்கோட்டுவேல் ஒரு கைக் கட்டோடு எல்லாருக்கும் பின்னால் வந்து சேர்ந்தான். துளசிமணி கீழே இறங்கி அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு மன்னிப்பு என்று அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

யாழினி அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கம்பெனியோடு பேசினாள். பேசினாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்பதே சரி. தெரியாத கால் என்றால் முழுசாகப் பிடி, மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான். அன்று சாயங்காலத்துக்குள் நாட்டில் ஓடும் நாலு லட்சம் லாரிக்கும் அந்த வரி போய்ச் சேர்ந்தது.

தம்பியின் கேஸ் அத்தோடு முடிந்தது என்று ரவூஃப் சொன்னார். ஆனால் கிளம்பும்போது தயங்கி நின்றார். பத்து வருடத்தில் இதே இறக்கத்தில், இதே காரணம் எழுதப்பட்ட கேஸ் இன்னும் முப்பது இருக்கிறது என்றார். “உங்க தம்பி உயிரோட இருக்காரு, வெறுங்கால்னு அவரே சொல்றாரு. அந்த முப்பது பேர்ல பதினேழு பேர் இறந்துட்டாங்கம்மா. மிச்சப் பேர் ஜெயில், ஊரைவிட்டே போனவங்க. அன்னைக்கு அவங்க கால்ல ஷூ இல்லைன்னு இனிமே யார் வந்து சாட்சி சொல்லுவா?”

துளசிமணிக்குத் தம்பியின் ஷூ ஞாபகம் வந்துவிட்டது, சீட்டுக்குப் பின்னால் ஜோடியாக இருந்தது. அவள்தான் பையில் போட்டு எடுத்து வந்தாள். அதே மாதிரி இன்னொரு பையும் அவள் வீட்டில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் போலீஸ்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த பை. மாதேஸ்வரனின் சாமான்கள் என்று மேலே எழுதியிருந்தது. ஆத்திரத்தில் அதை அவள் பிரித்தே பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். படத்துக்குப் பக்கத்தில் பை அப்படியே இருந்தது. அரக்கு முத்திரைகூட உடையவில்லை. பிரித்தாள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, பாக்குப் பொட்டலம், கண்ணாடிக் கூடு. அதற்கெல்லாம் அடியில் ஷூ. கயிறு இரண்டும் சேர்த்து ஒழுங்காக முடிச்சுப் போட்டிருந்தது. காலுறை மடித்து உள்ளே செருகியிருந்தது. லாரி உருண்டு கேபின் அப்பளமாய் நொறுங்கிய விபத்தில் அந்த ஷூவில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடிவாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கழற்றி வைத்த ஷூ. துளசிமணி அதை மடியில் வைத்துக்கொண்டு, பரணிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஆறு வருடமாக அழாத அழுகை அது.

அழுது முடித்துவிட்டுக் கீழே இறங்கி முகம் கழுவினாள். பிறகு ரவூஃப் கொடுத்த பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். ஓமலூர், இடைப்பாடி, ராசிபுரம், பெருந்துறை என்று வரிசையாகப் போட்டாள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். போலீஸ் கொடுத்த பை இருக்குதுங்களா, அதில் ஷூ இருக்குதான்னு பாருங்க. சிலர் பேச மாட்டேன் என்று வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ஓமலூரில் ஒரு பெரியவர் மகனின் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் அவனைப் பழித்துவிட்டேனே தாயி என்று மறுபக்கம் தேம்பினார்.

எட்டாம் நாள் விசாரணை அலுவலகம் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. துளசிமணியோடு சேர்த்து இருபத்தாறு குடும்பம் இருபத்தாறு ஜோடி ஷூவோடு வந்திருந்தது. சிலது பூட்ஸ், சிலது கயிறு வைத்தது, எல்லாம் கறையில்லாமல் முழுசாக இருந்தது. ரவூஃபின் மேஜை நிறைந்து, ஜன்னல் விளிம்பு நிறைந்து, வராந்தாத் தரையில் வரிசையாக வைத்தார்கள். ஷூ கிடைக்காத நாலு பேருக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலேயே காலணி இல்லை என்று எழுதியிருந்தது. அதை யாரும் இதுவரை ஒரு காரணமாகப் படித்ததில்லை.

ரவூஃப் தன் கைக்குட்டையைப் பிரித்துக் காய்ந்துபோன எலுமிச்சம்பழத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் ஆதாரமாக வைத்தார். பிறகு முப்பத்தொரு கேஸையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காரணனிடம் திரும்பக் கொடுத்தார். ஒரே ஒரு தகவல் மட்டும் புதிதாகச் சேர்த்தார். ஓட்டுநரின் காலில் காலணி இல்லை. பதினோரு நிமிடம் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நாற்காலி இருந்தும் ஒருத்தரும் உட்காரவில்லை.

வந்தது. ரவூஃப் எழுந்து நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தார். செங்கோட்டுவேல் பெயர் வந்ததும் வராந்தாவில் கைதட்டினார்கள். பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டன. பத்தொன்பதாவது பெயர் மாதேஸ்வரன். அதைப் படிக்கும்போது ரவூஃப் துளசிமணியைத் தேடிப் பார்த்து, அவளைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

“காரணம், பிரேக் முழுமையாகச் செயல்படவில்லை. ஓட்டுநர் நாற்பத்தொரு விநாடியில் ஒன்பது முறை முழுமையாக மிதித்திருக்கிறார்.”

ஒன்பது முறை. இன்னும் நாலு கிடைத்திருந்தால் பிடித்திருக்கும். தூங்கியிருப்பான் என்று துளசிமணி நினைத்தவன் கடைசி நொடி வரைக்கும் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பக்கத்தில் நின்றிருந்த ஓமலூர்ப் பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. தலை நிமிர்ந்து நின்று மிச்சப் பன்னிரண்டு பெயரையும் கேட்டாள், ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினாள்.

மத்தியானம் மாதேஸ்வரனின் ஷூவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தம்பியும் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது, அடுப்பில் உலை வைத்தாள். பரணிலிருந்து படத்தை எடுத்து வந்து ஈரத்துணியால் துடைத்தாள். மாதேஸ்வரன் எப்போதும்போலக் கொஞ்சம் கோணலாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆறு வருஷம் உங்க மேல கோவமா இருந்துட்டேனுங்க” என்றாள். “என் பிரேக்கு மேல இருந்த நம்பிக்கை உங்க மேல இல்லாமப் போச்சு.”

காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஆணி நன்றாகத்தான் இருந்தது. படத்தை மாட்டி, ஒரு விரலால் நேராக்கிவிட்டு, ஷூ இரண்டையும் அதற்கு நேர் கீழே சுவரோரம் ஜோடியாக வைத்தாள். பிறகு அரிசி களைய உள்ளே போனாள்.